வாடகை அண்ணனும் மசாலா பேக்கெட்டும்

மலேசியாவின் கெடா மாநிலத்தில் வாடகை அண்ணனைப் போல வாடிக்கையாளர்களின் ரத்த அழுத்தத்தை ஏற்றிய புகைப்படக்காரர் வேறு யாரும் இல்லை. விளம்பரப் படங்கள் எடுப்பார். ஆனால் விற்க மாட்டார். எங்கே போடலாம், எத்தனை மாதம் போடலாம் என்று எழுதி வாடகைக்குத்தான் விடுவார். மெனுவுக்கு எடுத்த படத்தை வேனில் ஒட்டிய ரொட்டிக் கடைக்காரரை மெர்போக் வரை துரத்திப் பிடித்து, அவர் வாங்கித் தந்த தேநீரைக் குடித்துவிட்டு, வேனுக்குத் தனிக் கட்டணமும் வாங்கி வந்தவர்.

சுங்கைப்பட்டாணியில் இருந்த அவருடைய ஸ்டூடியோவில் நான் அலுவலக வேலை பார்த்தேன். ஒருநாள் மசாலா கம்பெனி மேனேஜர் போனில் கூப்பிட்டார். அவர்களுடைய தொழிற்சாலையில் மசாலா கட்டும் மேரி அக்காவின் சிரித்த முகத்தை, பேக்கெட்டில் ஒரு வருடம் போடுவதற்காக எடுத்துக் கொடுத்திருந்தோம். இப்போது கட்டணம் பாதிதானாம். ஆனால் படம் ஹைவே விளம்பரப் பலகைக்கும் வேண்டுமாம், காலத்துக்கும். ஒத்துக்கொள்ளாவிட்டால் அடுத்த வேலை பினாங்கு ஸ்டூடியோக்காரர்களுக்கு. எங்கள் வருமானத்தில் பெரும்பங்கு அந்தக் கம்பெனிதான்.

அண்ணனும் நானும் நேரில் போனோம்.

"போட்டோ எடுத்தாச்சு, அண்ணே. கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணுங்க லா," என்றார் மேனேஜர்.

"பண்ணலாம் சார். காசு பாதின்னா காலமும் பாதி. பேக்கெட்ல மட்டும், ஆறு மாசம். பலகைக்கு வேற கட்டணம். அதுக்கும் முதல்ல மேரிய கேக்கணும்."

அவள் கம்பெனி ஆள், மறுக்க மாட்டாள் என்று மேனேஜர் சொல்லி முடிப்பதற்குள் அண்ணன் எழுந்து தொழிற்சாலைக்குள் நடந்தார். நாங்கள் பின்னால் ஓடினோம். வேலை செய்தவர்கள் அத்தனை பேரும் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அண்ணன் விஷயத்தைச் சொல்லிக் கேட்டதும் மேரி அக்கா மேனேஜரைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். அவருடைய வேலை போய்விடுமோ என்று பயந்தேன்.

"பேக்கெட்டு சரிண்ணே. ஹைவே வேணாம். எங்க வீட்டுக்காரரு அதுலதான் லாரி ஓட்டுறாரு. என்னைப் பாத்துக்கிட்டே போயி எங்கயாச்சும் முட்டிருவாரு."

முதலில் சிரித்தது மேனேஜர்தான். சிரித்தவரால் பிறகு முறைக்க முடியவில்லை. பாதிக் கட்டணம், பேக்கெட் மட்டும், ஆறு மாதம் என்று கையெழுத்துப் போட்டார். மேரி அக்காவின் வேலைக்கும் ஒன்றும் ஆகவில்லை.

வெளியே வந்ததும் அண்ணன் கார் சாவியை என்னிடம் நீட்டினார்.

"நீ ஓட்டும்மா. இந்தக் கம்பெனி போயிருந்தா நம்ம கதை முடிஞ்சிருக்கும்."

பள்ளம் மேடு பார்த்து, மெதுவாக ஓட்டினேன்.