வரதராஜாவின் கரவனுக்குள் யார் படுப்பது?

கரவன்காரர் என்றொரு இனம் உண்டு. கரவனை, அதுதான் அந்தச் சக்கர வீட்டை, காரின் பின்னால் கொழுவி ஊர் சுற்றுகிறவரை இதில் சேர்க்காதீர்கள். அவர் சாதாரண மனிதர். இவர் வேறு. யாரோ ஒருவரின் பின்வளவில் கோழிக்கூடாகக் கிடந்த பழைய கரவனைக் கண்டுபிடித்து, கெஞ்சி வாங்கி, தேய்த்து, பூசி, பூசியதை மறுபடி தேய்த்து, கடைசியில் அதற்குள் மூச்சு விடவும் பயப்படுகிறவர்.

நோபல் பார்க்கில் இருக்கிற வரதராஜாவைப் பாருங்கள். 1948ஆம் ஆண்டுப் பலகைக் கரவன். மூன்று வருடச் சனி ஞாயிறுகளை அது விழுங்கிவிட்டது. அவர் வீட்டுக்குத் தேத்தண்ணி குடிக்கப் போயிருக்கிறீர்களா? குடித்திருக்க மாட்டீர்கள். “ஒரு நிமிசம், இதைப் பாத்திட்டு இருங்கோ” என்று பின்வளவுக்குக் கூட்டிப்போய், செருப்பைக் கழற்றச் சொல்லி, அலுமாரிக் கைப்பிடியைத் தூரத்திலிருந்தே காட்டி, “ஒறிஜினல்!” என்பார். யன்னல் கொக்கி ஒறிஜினல். கோழி கொத்திய தழும்புகூட ஒறிஜினல். சொல்லும்போது அவருக்குக் கண் கலங்கும். சத்தியமாக, பார்க்கிறவருக்கும் கலங்கும்.

மனைவி சந்திரகலாவுக்கு ஒரே ஆசை. அந்தக் கரவனுக்குள் ஒருநாள் படுத்தெழும்ப வேண்டும்.

1975 கிறிஸ்மஸ் கோடை லீவில் கரவனை இழுத்துக்கொண்டு கடற்கரைக்குப் போனார்கள். இறங்கியதும் வரதராஜா காரிலிருந்து எடுத்தது என்ன? கூடாரம்!

“அப்ப கரவன் என்னத்துக்கு?”

“மெத்தை இப்பதானே தைச்சது, கலா. பிள்ளையளின்ரை காலெல்லாம் மணல்.”

“சமையல்?”

“ஐயோ, மீன் பொரிச்சா மணம் பலகையிலை ஊறிடும்!”

கரவன் மகாராணி மாதிரிக் கடலைப் பார்த்து நின்றது. குடும்பம் கூடாரத்தில் குந்தியிருந்தது. பக்கத்து வெள்ளைக்காரர்கள் வந்து வந்து புகழ, வரதராஜா சாப்பாட்டையே மறந்தார்.

இரண்டாம் நாள் பின்னேரம் மழை கொட்டியது. கூடாரத்துக்குள் வெள்ளம். வரதராஜா பாய்ந்து வந்தார். பிள்ளைகளைத் தூக்கவா? இல்லை. கூடாரத்துணியைப் பிடுங்கிக்கொண்டு போய்க் கரவன் கூரையில் போர்த்தினார்!

சந்திரகலா பிள்ளைகள் இரண்டையும் இழுத்துக்கொண்டு, சேற்றுக் காலோடு கரவனில் ஏறி, கதவைச் சாத்தினாள். கொஞ்ச நேரத்தில் மீன் பொரிக்கும் வாசம் வந்தது.

“கலா, கதவைத் திற! நான் நனையிறன்!”

“செருப்பைக் கழட்டிட்டு வாங்கோ. கைப்பிடியிலை பிடிக்காதேங்கோ, அது ஒறிஜினல்!”

அன்று சந்திரகலா அந்த மெத்தையில் காலை நீட்டிப் படுத்தாள். வரதராஜா அதன் நுனியில் துவாய் விரித்துக் குந்தி, மீன் தின்றார். கண் கலங்கித்தான் இருந்தது. மெத்தைக்காகவா, மிளகாய்த்தூளாலா, யார் கண்டது? ஆனால் இரண்டாவது துண்டும் கேட்டார்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். சிரித்து முடிந்ததும் முன்னறைக்குப் போய், செற்றியில் கடைக்காரன் போட்டுத்தந்த பிளாஸ்ரிக் உறையைக் கழற்றிவிட்டு அதில் உட்காருங்கள். மனம் வரவில்லையா? அப்படியென்றால் செருப்பைக் கழற்றிவிட்டு இங்கே வாருங்கள். வரதராஜாவின் துவாயில் இன்னும் ஓராளுக்கு இடமிருக்கிறது.