கியல் கார்ன் உச்சியில் ஒரு கேக்

எனக்கு மலை ஏறத் தெரியாது. அதைவிட மோசம், வாயை மூடத் தெரியாது. இரண்டும் சேர்ந்துதான் என்னை ஸ்காட்லாந்தின் ஒரு மலை உச்சியில் கொண்டுபோய் நிறுத்தின.

நாங்கள் இருப்பது டெக்சஸில், ஆலனில். எங்கள் ஊரில் மேடு என்றால் ஃப்ரீவே மேம்பாலம்தான். என் மனைவி கவிதாவின் அண்ணன் செந்திலோ குன்றுகள் சூழ்ந்த சான் ரமோன்காரர். வாராவாரம் மலை ஏறுபவர். தன் ஐம்பதாவது பிறந்தநாளை ஸ்காட்லாந்தில், கியல் கார்ன் என்ற மலை உச்சியில் கொண்டாட முடிவு செய்தார்.

"மாப்ள, நீங்க கீழ கார்லயே இருங்க. உங்களுக்கெல்லாம் செட் ஆகாது."

"கேக்கை மேல கொண்டுவரப் போறதே நான்தான் மச்சான்!" என்றேன். (வாய்!)

அவர் முன்னதாகவே போய்விட்டார். உச்சியில் சந்திப்பதாக ஏற்பாடு. நாங்கள் பிறந்தநாள் காலையில் ஃபோனில் மலையின் பெயரைத் தட்டி, முதலில் வந்த இடத்துக்கு டிரைவ் பண்ணிப் போனோம்.

சேறு, காற்று, மறுபடியும் சேறு. பாதி வழியில் என் மகள் நிலா, "டாட், ஆர் யூ ஓகே?" என்றாள். பதில் சொல்ல மூச்சு இல்லை. ஆனாலும் கேக் டப்பாவை நான் யாரிடமும் கொடுக்கவில்லை. ஒருவழியாக உச்சியை அடைந்து, அங்கிருந்த கற்குவியலைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். மச்சானைக் காணோம். ஃபோன் செய்தேன்.

"எங்க மச்சான் இருக்கீங்க? நான் டாப்ல நிக்கிறேன்!"

"நான்தான் டாப்ல நிக்கிறேன். கதை விடாதீங்க, கார்லதான இருக்கீங்க?"

"சத்தியமா கல்லைப் புடிச்சிட்டு நிக்கிறேன்!"

"நானும் கல்லைப் புடிச்சிட்டுதான் நிக்கிறேன் மாப்ள!"

பக்கத்தில் சாண்ட்விச் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஸ்காட்லாந்துப் பெண்மணியிடம் நிலா விசாரித்தாள். கியல் கார்ன் என்றால் அந்த ஊர்ப் பழைய மொழியான கேலிக்கில் வெள்ளை மலையாம். அந்தப் பெயரில் அந்த வட்டாரத்தில் பல மலைகள் உண்டாம். (திரும்பின பக்கமெல்லாம் ஒரு புதூர் இருக்கும் ஈரோட்டுப் பக்கத்தில் பிறந்தவனுக்கு இது தோன்றியிருக்க வேண்டாமா?)

"எங்கண்ணன் பர்த்டே அன்னிக்கு அங்க தனியா நிக்கிறாரு. கேக் இங்க நிக்குது," என்று கவிதா முறைத்தாள். அப்படியே உருண்டு கீழே போய்விடலாமா என்றிருந்தது.

மச்சான் எந்த ரோடு வழியாகப் போனார் என்று அந்தப் பெண்மணி கேட்டார். நான் ஃபோனில் மச்சானிடமே கேட்டுச் சொன்னதும் சிரித்துவிட்டார். அது சின்ன மலையாம், சுலபமாம். நாங்கள் ஏறியதுதான் உயரமாம்! நிலா ஃபோனைப் பிடுங்கிக் கத்தினாள்: "மாமா! டாடோட மவுண்டன் இஸ் ஹையர்!"

எதிர்முனையில் மச்சான் மெதுவாக, "சரி... வெட்டுங்க மாப்ள," என்றார். கேக்கை நானே வெட்டினேன். அவர் பங்கையும் நானே சாப்பிட்டேன். அதுவரை எந்தக் கேக்கும் எனக்கு அவ்வளவு இனித்ததில்லை.

இன்றும் சான் ரமோன் போனால், மச்சான் தன் நண்பர்களிடம், "என் பர்த்டே கேக்கைத் தப்பான மலையில போய் வெட்டினவரு," என்றுதான் என்னை அறிமுகப்படுத்துவார்.

"உயரமான மலையில," என்று ஒவ்வொரு முறையும் நான் திருத்துவேன்.