எறும்புச் சின்னத்துக்கு ஓட்டுக் கேட்ட விவரம்

அன்பும் மரியாதையும் நிறைந்த மாப்பிள்ளை சங்கரபாண்டிக்கு, உன் மச்சான் வெயிலுமுத்து அமெரிக்காவிலிருந்து சொல்ல, மருமகள் மங்கை எழுதுவது. இங்கே எங்கள் மூவருக்கும் உடம்பில் ஒரு குறையும் இல்லை. அங்கே உனக்கும் தங்கச்சிக்கும் உன் இடது முழங்காலுக்கும் அப்படியே இருக்க வேண்டும் என்று சாமியைக் கேட்டுக்கொள்கிறேன்.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். சொன்னால் நீ நடுவில் பேசுவாய். இந்த வீட்டுச் சுவரும் பலகைச் சுவர், நான் என் அறையில் செருமினால் மகன் தவசி அவன் அறையிலிருந்து "தண்ணி வேணுமாப்பா?" என்பான். அதனால்தான் கடிதம். மங்கைக்குத் தெரியாமல் எதையும் சொல்ல வழியில்லை, எழுதுவதே அவள்தான். "நீங்க சொல்றதை ஒரு எழுத்து மாத்தாம எழுதுறேன் மாமா. ஆனா நீங்க புளுகினா, பக்கத்துலயே புளுகுன்னும் எழுதுவேன்" என்று சொல்லிவிட்டுத்தான் பேனாவை எடுத்தாள். ஒத்துக்கொண்டேன். முதல் விஷயம், கீழத்தெரு வீட்டுச் சாவி உன்னிடம் இருக்கிறதல்லவா, திறந்து ஒட்டடை அடித்து, மோட்டார் தண்ணீர் எடுக்கிறதா என்று பார்த்து வை. நான் வந்தாலும் வந்துவிடுவேன். ஏன் என்பதுதான் இனி வருவது.

தவசி இங்கே பல்கலைக்கழகத்தில் எறும்பு வாத்தியார் என்பது உனக்குத் தெரியும். ஆனால் ஆறு வருஷமாக அவனுக்கு அது நிரந்தர வேலை இல்லை என்பது உனக்குத் தெரியாது, போன மாதம்வரை எனக்கும் தெரியாது. ஆறாம் வருஷம் துறையிலுள்ள மூத்த வாத்தியார்கள் பதினொரு பேர் கூடி ஓட்டுப் போடுவார்களாம். ஜெயித்தால் சாகும்வரை அசைக்க முடியாது. தோற்றால் ஒரு வருஷத்தில் வேலையும் போய், இந்த வீட்டையும் விற்றுவிட்டு, எந்த ஊரில் எறும்புக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள் என்று தேடிப் போக வேண்டும். மங்கைக்கு இந்த ஊர் ஆஸ்பத்திரியில் ரத்தம் சோதிக்கிற நல்ல வேலை, அதுவும் போகும். இத்தனையும் எனக்கு எப்படித் தெரிந்தது என்றால், ஒருநாள் ராத்திரிச் சாப்பாட்டில் இவன் தோசையைப் பிய்த்துப் பிய்த்து வைத்துக்கொண்டு தின்னாமலே இருந்தான். கேட்டேன். சொன்னான்.

"சரி, பதினொரு பேரையும் போய்ப் பாத்தியா?" என்றேன்.

"எதுக்குப்பா?"

"எதுக்கா? ஓட்டுக் கேக்கத்தான்."

"அதெல்லாம் கேக்கக்கூடாதுப்பா. அவங்களா படிச்சுப் பாத்துப் போடுவாங்க."

"கேக்காம எவன்டா போடுவான்? நம்ம வார்டுல கூடப்பொறந்த அண்ணனே, வந்து கேக்கலைன்னு தம்பிக்குப் போடல."

"அப்பா, இது வார்டு இல்ல."

மாப்பிள்ளை, ஓட்டு என்று ஒன்று இருந்தால் அது வார்டுதான். இதை நான் உன்னிடம் விளக்கவேண்டியதில்லை. எழுத்துத் தெரியாதவன் என்று பூத்துக்குள்ளே உட்கார விடாமல் என்னை வாசலில் நிறுத்துவார்கள். உள்ளே பட்டியலைப் புரட்டிக்கொண்டிருப்பவன், "மேலத்தெருவுல பேச்சியம்மா எத்தனை பேருன்னு உன் மச்சானக் கேட்டுட்டு வா" என்று உன்னை அனுப்புவான். நான் வாசலில் நின்றபடியே மூன்று பேச்சியம்மாளையும், அவர்கள் யார் வீட்டில் யாரோடு கோபம் என்பதையும் சொல்வேன். அந்தத் தலை இன்னும் அப்படியேதான் இருக்கிறது. இந்தப் பதினொரு பேரையும் மூன்று வருஷமாகத் துறை விருந்துகளில் பார்த்துவருகிறேன். யாருக்கு எந்தத் தெரு, யார் வீட்டில் சிவப்புக் கதவு, யார் கத்தரிக்காய் தின்னமாட்டார், யாருக்கு யாரோடு பேச்சுவார்த்தை இல்லை எல்லாம் எனக்குப் பாடம். இதை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பதற்கு என் மனசு இடம் கொடுக்கவில்லை.

தீபாவளிக்குச் சுட்ட முறுக்கு இரண்டு டின் மீதி இருந்தது. உன் அக்காள் இருந்திருந்தால் எண்ணி வைத்திருப்பாள், நான் அன்றைக்கே மாட்டியிருப்பேன். அதைப் பொட்டலம் போட்டேன். சின்னம் இல்லாமல் எப்படிப் போவது? மங்கையிடம், "தாயி, சின்னச் சின்ன அட்டையில எறும்பு வரைஞ்சு குடு, தெரிஞ்சவங்களுக்குத் தீபாவளி வாழ்த்து சொல்லணும்" என்றேன். (இது புளுகு. என்னிடம் அப்படித்தான் சொன்னார். - மங்கை.) வேட்பாளர் படமும் வேண்டுமே. தவசி பாஸ்போர்ட்டுக்கு எடுத்த படங்கள் மேஜை இழுப்பறையில் தாள் தாளாகக் கிடந்தன. சிரிக்காத படம்தான், பார்த்தால் வழிப்பறியில் பிடிபட்டவன் மாதிரி இருக்கும், வேறு இல்லை. ஒவ்வொரு பொட்டலத்திலும் மேலே எறும்பு, கீழே மகன் என்று ஒட்டிக்கொண்டேன்.

நாள் பார்ப்பதில் நான் தப்பே செய்யவில்லை. இங்கே ஐப்பசி நடுவில் ஹாலோவீன் என்று ஒரு நாள் வரும், பிள்ளைகள் பேய் வேஷம் போட்டுக்கொண்டு வீடு வீடாக இனிப்பு வாங்கப் போவார்கள், அன்றைக்கு எல்லா வாசலிலும் விளக்கு எரியும், வாக்காளர்கள் அத்தனை பேரும் கதவருகிலேயே நிற்பார்கள். இதைவிட வசதி எந்த ஊரில் கிடைக்கும்? வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு, குளிருக்கு மேலே தவசியின் கோட்டு. கும்பிட்ட கையோடு கிளம்பினேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் இதற்குப் போதும்: என் மகன், நல்லவன், ஓட்டு, ரொம்ப நன்றி. முதல் வீடு லிண்டா அம்மாள் வீடு. "அடடே முத்துவா! வாங்க வாங்க! என்ன அருமையான வேஷம்!" என்று கட்டிப்பிடித்துக்கொண்டார். பொட்டலத்தைக் கொடுத்தேன், படத்தைக் காட்டினேன், கும்பிட்டேன். கண் கலங்கிவிட்டது அவருக்கு. உள்ளே போய் மிட்டாயைக் கை நிறைய அள்ளிவந்து என் பையில் போட்டார். எல்லா வீட்டிலும் இதே கதை. மாப்பிள்ளை, நாமும் எத்தனையோ தேர்தல் பார்த்திருக்கிறோம், ஓட்டுக் கேட்கப் போனவன் பையில் வாக்காளன் போட்டு அனுப்புவதை எங்கேயாவது கண்டிருக்கிறாயா? பை கனத்துத் தோள் இறங்கிவிட்டது.

கடைசியாக ஹால்வர்சன் வீடு. துறைக்குத் தலைவர், ஓட்டுக் கூட்டத்தை நடத்துவதே அவர்தான். ஆறடிக்கு மேல் உயரம், பேச்சு கம்மி, விருந்தில் சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைத்துவிட்டு யாரிடமும் சொல்லாமல் போய்விடுகிறவர். பெரிய மனிதர் என்பதால் அவருக்கு மட்டும் முறுக்கை எவர்சில்வர் டப்பாவில் போட்டுக் கொண்டுபோயிருந்தேன். கதவைத் திறந்தார். நான் கும்பிட்டேன். எறும்பைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். படத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். முகம் சிவந்து, தாடை ஒரு மாதிரி இறுகியது. டப்பாவை வாங்கிக்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் கதவைச் சாத்திவிட்டார். மிட்டாய்கூடப் போடவில்லை.

அத்தோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. தூரத்துத் தெருக்களில் இருக்கிற மூன்று பேர் பாக்கி இருந்தார்கள். மறுநாள் காலையில் ஊர் பஸ் ஏறித் துறைக்கே போனேன். அங்கே கடிதம் போடுவதற்குச் சுவர் முழுக்கப் புறாக்கூண்டு மாதிரி பெட்டிகள், ஒவ்வொன்றிலும் பெயர். எனக்கு அந்தப் பெயர்களால் என்ன பிரயோஜனம்? மூன்று பேரை விட்டுவிடுவதைவிட எல்லோருக்கும் போட்டுவிடுவது நல்லது என்று, பொட்டலத்தைப் பிரித்துப் பிரித்து, ஆளுக்கு ஒரு முறுக்கு, ஒரு எறும்பு, ஒரு படம் என்று எல்லாப் பெட்டியிலும் வைத்துவிட்டு நிம்மதியாக வீட்டுக்கு வந்து கஞ்சி குடித்தேன். அந்தப் பெட்டிகளில் ஒன்று தவசியுடையது. சாயங்காலம் அவன் வந்தபோது கையில் ஒரு முறுக்கு இருந்தது.

"இது என்னப்பா?"

"முறுக்கு."

"முறுக்குன்னு தெரியுது. இதுல என் மூஞ்சி எதுக்கு?"

"ஆளைத் தெரியாம எப்படிடா ஓட்டுப் போடுவாங்க?"

"ஆறு வருஷமா என்கூட வேலை பாக்குறவங்கப்பா அவங்க! என் மூஞ்சி தெரியாதா?"

"தெரிஞ்ச மூஞ்சியத்தான் மறுபடி மறுபடி காட்டணும். அதான் முறை."

"அப்பா... இங்க இதுக்குப் பேரு லஞ்சம்."

"ஒத்த முறுக்கா? ஒத்த முறுக்குக்கு நம்ம ஊர்ல வாசல்படி ஏறவிடமாட்டான்."

மங்கைக்குச் சிரிப்பு வந்து அடுப்படிக்குள் போய்விட்டாள். (சிரிக்கவில்லை. பால் பொங்கியது. - மங்கை.) (அவள் எழுதியதும் புளுகுதான், நான் சொல்ல அவளே எழுதுகிறாள்.) முந்தின ராத்திரி வீடு வீடாகப் போன கதையையும் சொல்லிவிட்டேன். தவசி சிரிக்கவில்லை. சத்தமும் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் தாங்கியிருப்பேன். நாற்காலியில் உட்கார்ந்து, அந்த முறுக்கை மேஜைமேல் வைத்து, அதையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் ரொம்ப மெதுவாக, "கூட்டம் வர்ற வெள்ளிக்கிழமைன்னு பேச்சுப்பா. ஹால்வர்சன் கதவைச் சாத்தினாருன்னா முடிஞ்சது. நீங்க கொஞ்ச நாள் ஊருக்குப் போயிட்டு வாங்களேன்" என்றான். மரியாதையாகத்தான் சொன்னான். 'கொஞ்ச நாள்' என்றால் எவ்வளவு என்று நானும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. அவன் பள்ளிக்கூடத்தில் முதல் மார்க் வாங்கிய நாளிலிருந்து இன்றுவரை அவன் படிப்பில் நான் கைவைத்தது இது ஒன்றில்தான்.

ஆக, மாப்பிள்ளை, நாம் வழக்கமாகச் செய்கிறபடி கணக்கைச் சொல்லிவிடுகிறேன். ஏழு நிச்சயம், அதில் லிண்டா அம்மாள் கல்லில் வெட்டினது மாதிரி. மூன்று சந்தேகம். ஹால்வர்சன் எதிர், அவர் எதிரானால் அந்தச் சந்தேகம் மூன்றும் அவரோடு போகும், நிச்சயத்திலும் இரண்டு ஆடும். என் கணக்கு எந்தத் தேர்தலிலும் பிசகியதில்லை என்பது உனக்குத் தெரியும், அதுதான் எனக்குக் கவலை. இத்தோடு ஓட்டுக் கேட்கும் வேலைக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டேன், இனி எவன் நின்றாலும் எந்தப் படியும் ஏறமாட்டேன். நீ வீட்டைத் திறந்து வை, மறக்காமல் பின்கட்டுக் கதவின் தாழ்ப்பாளுக்கு எண்ணெய் விடு. தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசீர்வாதம். உன் கிழக்குக் காட்டில் மழை நிற்காமல் பெய்து, கிணறு நிறைந்து, அந்த மாடு மறுபடியும் கன்று போடட்டும்.

உன் மச்சான்
வெயிலுமுத்து

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் வெள்ளிக்கிழமை வந்துவிட்டது. சாயங்காலம் வாசல் மணி அடித்தது. திறந்தால் ஹால்வர்சன், கையில் என் எவர்சில்வர் டப்பா. மங்கை அவர் சொல்வதை எனக்கும் நான் சொல்வதை அவருக்கும் சொல்லிக்கொடுத்தாள். உட்காரச் சொன்னோம். உட்கார்ந்தார். "ஜெயிச்சாச்சு தவசி. மேலிடத்துல இன்னைக்குத்தான் கையெழுத்துப் போட்டாங்க" என்றார். தவசி எழுந்து, மறுபடி உட்கார்ந்து, மறுபடி எழுந்தான். நான், "கூட்டம் இன்னைக்குத்தானே?" என்றேன். இல்லையாம். ஒருவர் இந்த வாரம் வெளிநாடு போக இருந்ததால் மூன்று வாரத்துக்கு முன்னாலேயே கூட்டம் போட்டு, ஓட்டும் போட்டு முடித்துவிட்டார்களாம், கையெழுத்து ஆகும்வரை யாரும் வாயைத் திறக்கக் கூடாது என்பது சட்டமாம். மாப்பிள்ளை, பதினொரு பேரும் ஓட்டைப் போட்டு முடித்துவிட்டுத்தான் என் முறுக்கைத் தின்றிருக்கிறார்கள்! ஒருவர், ஒரே ஒருவர், மூச்சு விடவில்லை. கட்டிப்பிடிக்கிறார்கள், கண் கலங்குகிறார்கள், மிட்டாய் போடுகிறார்கள், ஆனால் சொல்லமாட்டார்கள். இப்பேர்ப்பட்ட வாக்காளர்களை வைத்துக்கொண்டு ஒருவன் என்ன அரசியல் செய்வது?

"அப்ப ஏன் கதவைச் சாத்துனீங்க?" என்று கேட்கச் சொன்னேன். அவர் முதல்முறையாகச் சிரித்தார். "உங்க மூஞ்சியப் பாத்ததும் உண்மையச் சொல்லிடுவேனோன்னு பயம். அது பாதி" என்றார். "மீதி?" என்றேன். பையிலிருந்து அந்த எறும்பு அட்டையை எடுத்து மேஜைமேல் வைத்தார். "மீதி இது. எறும்புக்கு ஆறு கால். இதுக்கு எட்டு. எறும்பு வாத்தியார் வேலைக்கு எட்டுக்கால் எறும்போட ஓட்டுக் கேட்டு வந்தா, நான் சிரிக்காம எவ்வளவு நேரம் நிக்கிறது? நல்லவேளை, ஓட்டு முன்னாலயே முடிஞ்சுது." (அவசரத்தில் வரைந்தது. ஒருவரும் எண்ணிப் பார்க்கமாட்டார்கள் என்று நினைத்தேன். - மங்கை.) பத்துக்கு ஒன்று என்ற கணக்கில் ஜெயித்திருக்கிறான். அந்த ஒன்று யாரென்று அவர் சொல்லவில்லை. எதிர் என்று நான் எழுதிய ஆளே டப்பா நிறைய வால்நட்டுப் பருப்பு போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்திருக்கும்போது, நிச்சயம் என்று எழுதிய ஏழு பேரையும் இனி எந்த முகத்தோடு பார்ப்பது என்றுதான் யோசிக்கிறேன். லிண்டா அம்மாளைப் பற்றி என்னிடம் எதுவும் கேட்காதே.

கிளம்பும்போது ஹால்வர்சன் வாசலில் நின்று தலையைச் சொறிந்தார். அவர் சம்சாரம் வசந்த காலத்தில் இந்த ஊர்ப் பள்ளிக்கூடக் குழுவுக்கு நிற்கிறாராம், வீடு வீடாகப் போக வெட்கப்படுகிறாராம், துணைக்கு முத்து வருவாரா என்று கேட்டார். நான் வாயைத் திறக்குமுன் தவசி, "வருவார். அப்பா எங்கயும் போகல" என்றான். ஆகவே வீட்டைத் திறக்க வேண்டாம், திறந்துவிட்டால் மூடு. தாழ்ப்பாளுக்கு எண்ணெய் மட்டும் விட்டு வை. ஹால்வர்சன் சம்சாரத்திடம் சின்னம் என்ன என்று கேட்டு அனுப்பினேன். இங்கே சின்னமெல்லாம் கிடையாதாம், வேண்டுமானால் ஆந்தை வைத்துக்கொள்ளலாம் என்று பதில் வந்திருக்கிறது. ஆந்தைக்கு எத்தனை கால் என்று மங்கையிடம் இப்போதே கேட்டு வைத்துக்கொண்டேன்.