கடலுக்கு ஷிஃப்ட் போட்டவர்

நம்மிடையே 'வந்ததுக்கு' என்றொரு மனித இனம் உலவுகிறது. பார்த்திருப்பீர்கள். வெளியூர் போனால் இவர்களால் உட்கார முடியாது. நிழலைக் கண்டால் எரிச்சல், நாற்காலியைக் கண்டால் சந்தேகம். "வந்ததுக்கு அதையும் பார்த்துடலாம்" என்று கூட வந்தவர்களை மலையில் ஏற்றி, குகையில் நுழைத்து, ஒட்டகத்தின் மேல் உட்கார்த்தி, இறங்கியவர் கால் தரையில் படுமுன் அடுத்த வரிசையில் கொண்டுபோய் நிறுத்திவிடுவார்கள். ஊர் எப்படி இருந்தது என்று கேளுங்கள். முழிப்பார்கள். நின்று பார்த்திருந்தால்தானே?

ஓசூரில் இந்த இனம் செழித்து வளர்கிறது. வருடம் முழுக்க மெஷின் நிற்கக் கூடாதென்று காவல் காத்தவருக்கு, சும்மா கிடக்கும் மணலைப் பார்த்தால் உற்பத்தி படுத்துவிட்டது போலத் தோன்றுகிறது. என்ன செய்வார் பாவம்?

பூபதி அப்படிப்பட்டவர். பெரம்பலூர்ப் பக்கமிருந்து வந்து சிப்காட்டில் ஓர் உதிரிபாகக் கம்பெனியில் சூப்பர்வைசராக இருக்கிறார். ஆயுத பூஜைக்கு மெஷின்களுக்குப் பொட்டு வைத்துப் பூட்டிய மறுநாள் கோகர்ணம் கிளம்பினார். மனைவி ரஞ்சிதா அதுவரை கடலை நேரில் பார்த்ததில்லை.

"ஏங்க, அலை வந்து கால்ல படற மாதிரி கொஞ்ச நேரம் சும்மா உக்காரணும். எனக்கு அவ்வளவுதான்" என்றார் ரஞ்சிதா.

"அதுக்குத்தானே போறோம்!" என்றார் பூபதி. சொல்லும்போது அது உண்மைதான். இந்த இனத்தார் பொய் சொல்ல மாட்டார்கள், மறந்துவிடுவார்கள்.

கம்பெனியில் கூட வேலை செய்யும் வெங்கடப்பனும் (ஓசூர்ப் பக்கம் பேரிகை என்ற ஊர்க்காரர்) அவர் மனைவி மாதேஸ்வரியும் துணைக்கு வந்தார்கள். வெங்கடப்பனுக்கு வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், கம்பெனியில் தமிழ். கன்னடக் கரைக்குப் போகும்போது இப்படியொருவர் கூட இருப்பது பாதுகாப்பு. ஆனால் பூபதியோ, எல்லையோரத்தில் இத்தனை வருடம் இருந்ததால் தனக்கும் கன்னடம் வரும் என்று நம்பியிருந்தார்.

முதல் நாள் காலை ரஞ்சிதா மணலில் உட்கார்ந்து கால் நீட்டினார். தூரத்தில் ஓர் அலை புறப்பட்டது. அது வந்து சேர்வதற்குள், "ரஞ்சி, எந்திரி! துடுப்புப் படகுல நம்ம முறை வந்துருச்சு!"

"இப்பதாங்க உக்காந்தேன்."

"உக்கார்றதுக்கு வீட்ல சோபா இருக்கு. வந்ததுக்கு இதைச் செய்ய வேணாமா?"

துடுப்புப் படகு முடிந்து வாழைப்பழப் படகு. அது என்ன பழம் என்று ரஞ்சிதா கேட்பதற்குள் மஞ்சள் ரப்பர் உருளையின் மேல் உட்காரவைத்து, மோட்டார் படகால் இழுத்து, நடுக்கடலில் கவிழ்த்து, தூக்கி எடுத்துவிட்டார்கள். பிறகு பாராசூட்டில் பறத்தல். ஆகாயத்தில் தொங்கிய நிலையிலும் பூபதி கீழே பார்த்து, "வெங்கடப்பா, அடுத்ததுக்கு வரிசை பிடி!" என்று கத்தினார். வெங்கடப்பன் அப்போது குடித்த கடல்நீரைக் கடலுக்கே திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் மதியம் டால்பின் பார்க்கும் படகு. அங்கேதான் அது நடந்தது.

"நான் வரல" என்றார் ரஞ்சிதா.

பூபதிக்குக் காதில் விழுந்தது; புத்திக்கு எட்டவில்லை. "என்னது?"

"வரலங்க. டால்பினுக்கு வேணும்னா அது கரைக்கு வரட்டும்."

கல்யாணமான நாளிலிருந்து ரஞ்சிதா 'வரல' என்று சொன்னதே இல்லை. "நானும் அக்காகூட இருக்கறேன். நீங்க போய்ட்டு வாங்கண்ணா" என்று மாதேஸ்வரியும் சேர்ந்துகொண்டார். வெங்கடப்பன் தென்னை நிழலில் கண்ணைக்கூடத் திறக்கவில்லை. முகம் சிவக்க, பூபதி தனியாகப் படகுக்குப் போனார்.

படகுக்காரர் கையை ஆட்டினார். "இஞ்சின் பிசி ஆகிதே சார், ஸ்வல்ப காயிரி."

இஞ்சின் சூடாகிவிட்டது, கொஞ்சம் பொறுங்கள் என்று அர்த்தம். பூபதி திரும்பி, வரிசையில் நின்றவர்களுக்கு மொழிபெயர்த்தார்: "ஆள் பிசியாம். நனைஞ்சாலும் கொஞ்சத்துல காஞ்சிடுமாம். ஏறுங்க ஏறுங்க!"

கைக்குழந்தையோடு ஒரு குடும்பம் ஏறியது. ஒரு நாமக்கல்காரரும் ஏறினார். எல்லோரும் உட்கார்ந்துகொண்டு அவசரப்படுத்தவே, படகுக்காரர் தலையில் அடித்துக்கொண்டு கிளப்பினார். கரை சிறுத்துப் புள்ளியானபோது இஞ்சின் இருமிச் செத்தது.

படகுக்காரர் துடுப்பு போட்டுத் தட்டுத்தடுமாறிப் பக்கத்துப் பாறையில் அனைவரையும் இறக்கினார். அவ்வழியே வந்த மீன்படகில் கொஞ்சம்தான் இடம். குழந்தையோடு குடும்பம் ஏறிப் போனது. ஆள் ஏறினால் இழுக்காதென்று கெட்ட படகைக் காலியாகவே அதில் கட்டி இழுத்துக்கொண்டு படகுக்காரரும் போனார். பாறையில் பூபதியும் நாமக்கல்காரரும் மிஞ்சினார்கள்.

பூபதிக்கு முட்டி சிராய்த்து எரிந்தது. நீச்சல் தெரியாது. திரும்பி வருவார்களா? ரஞ்சிதாவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டாவது வந்தோமா?

அப்போது நாமக்கல்காரர் தோளைத் தட்டினார். "ஏனுங்க, வந்ததுக்கு இந்தப் பாறையை ஒரு சுத்துச் சுத்தி வந்துடலாமுங்களா?"

"கொஞ்ச நேரம் சும்மா உக்காரலாமே, சார்" என்றார் பூபதி. கெஞ்சினார் என்பதே சரி.

"உக்கார்றதுக்கு ஊட்ல கட்டில் கெடக்குதுங்களே!"

சுற்றினார்கள். ஒரு நண்டோடு படம், பறவை எச்சத்தோடு படம். பிறகு உச்சியில் ஏறினால் சூரிய அஸ்தமனம் நன்றாகத் தெரியும் என்று அங்கேயும் இழுத்துப் போனார். பூபதி தவழ்ந்து ஏறினார். கண்ணீர் வந்தது. உப்புக் காற்று என்று சமாளித்தார்.

பொழுது சாயும் நேரத்தில் மீன்படகு அவர்களைக் கரை சேர்த்தது. ரஞ்சிதா இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நின்றிருந்தார். பூபதியின் சட்டையைப் பிடித்து உலுக்கினார்.

"அறிவிருக்கா உங்களுக்கு? உயிரே போயிருச்சு எனக்கு!"

பூபதி அலை வரும் இடத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். ரஞ்சிதாவும் பக்கத்தில் உட்கார்ந்தார். அலை வந்து இருவர் காலையும் தொட்டுப் போனது. கூப்பிட யாருமில்லை. மறுபடி வந்தது.

"நல்லாருக்குல்ல?" என்றார் ரஞ்சிதா.

"ம்."

கோபம் மெல்ல வடிந்தது. உட்கார்ந்து உட்கார்ந்து ஆசை தீர்ந்த ரஞ்சிதா நிமிர்ந்து பார்த்தார். "ஏங்க, அந்த வாழைப்பழப் படகு... நேத்து பயத்துல கண்ணை மூடிட்டேன். நாளைக்கு இன்னொரு தடவை ஏறலாமா?"

பூபதி இரண்டு கையாலும் மணலை இறுகப் பற்றிக்கொண்டார்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் அடுத்த முறை குடும்பத்தோடு எங்காவது போய், "இன்னும் ஒரே ஒரு இடம்தான்" என்று உற்சாகமாகச் சொல்லும்போது, பின் சீட்டில் எல்லோரும் கண்ணை மூடியிருந்தால், அவர்கள் தூங்குகிறார்கள் என்று மட்டும் நம்பிவிடாதீர்கள்.