ஜெயித்தவனுக்கு ஒரு மூட்டை வெங்காயம்

வீட்டிலிருந்தபடி போனில் கார் பந்தயம் பார்க்கிறவனுக்கு இருக்கிற அறிவு, அதை ஓட்டுகிறவனுக்குக்கூட இருக்காது. நான் அந்த ரகம். அதுவும் ஓரிடத்தில் உட்கார்ந்து பார்க்கிற ஜென்மமில்லை. கூடத்துக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே, ஓட்டுகிறவனைத் திட்டிக்கொண்டே பார்ப்பேன்.

என் மனைவி கலாவின் தம்பி செந்தில் நிஜமாகவே பைக் பந்தயம் ஓட்டுகிறவன். பெரம்பலூர், அரியலூர் பக்கம் மண் தரையில் எங்கே பந்தயம் நடந்தாலும் அவன்தான் முதல். அதுதான் தொல்லையே. யார் ஜெயிப்பார் என்று ஆரம்பத்திலேயே தெரிந்துவிடுவதால் கூட்டம் பாதியில் டீ குடிக்கப் போய்விடும். அந்த முறை வேப்பந்தட்டைப் பக்கம் நடந்த பந்தயத்துக்குச் சென்னையிலிருந்து ஒரு டீம் மேனேஜர் வருவதாக இருந்தது. அவருக்குப் பிடித்துவிட்டால் செந்திலுக்கு டீமில் இடம். பையன் ஒரு வாரமாகச் சரியாகச் சாப்பிடக்கூட இல்லை.

கூட்டம் கலையாமலிருக்க என்ன செய்யலாம் என்று பந்தயக் கமிட்டி என்னிடம் யோசனை கேட்டது. (கேட்டிருக்கக் கூடாது.) வெளிநாட்டில் ஜெயித்தவன் வண்டியில் எடை ஏற்றுவார்கள், முதலில் வந்தவனைக் கடைசியில் நிறுத்துவார்கள் என்று கையை ஆட்டி ஆட்டி விளக்கினேன். கமிட்டியும் ஒத்துக்கொண்டது. தகுதிச் சுற்றில் முதலில் வருகிறவன் இறுதிப் போட்டியில் எல்லாருக்கும் பின்னாலும், கடைசியில் வருகிறவன் எல்லாருக்கும் முன்னாலும் நிற்க வேண்டும். முதலில் வந்தவன் பின் சீட்டில் ஒரு மூட்டை சின்ன வெங்காயம் கட்ட வேண்டும். (எங்கள் ஊரில் எடைக்கு வேறென்ன அகப்படும்?) யாராவது விழுந்தால் நான் மொபெட்டில் முன்னால் போவேன், நான் விலகும்வரை எல்லாரும் வரிசை மாறாமல் என் பின்னால் வர வேண்டும்.

கலாவிடம் பெருமையாகச் சொன்னேன். சட்டியை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டாள்:

"ஓடுறவன் காலக் கட்டிவுட்டுட்டு ஓட்டப்பந்தயம் வெக்கிறீங்களா?"

மூட்டையோடு பின்னாலிருந்து வந்து ஜெயித்தால் மேனேஜர் அசந்துபோவார், உனக்கென்ன தெரியும் என்று வாயை அடைத்தேன்.

தகுதிச் சுற்று ஆரம்பித்தது. கொடி அசைந்தும் ஒருத்தரும் அவசரப்படவில்லை. கடைசியில் வந்தால் அடுத்ததில் முதலில் நிற்கலாமே! பூலாம்பாடி பால்காரர் முருகேசன் முடிவுக் கோட்டுக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றி, துண்டால் முகம் துடைத்து, மற்றவர்களை 'போங்க, போங்க' என்று அனுப்பிவைத்தார். மெதுவாக ஓட்டத் தெரியாத ஒரே ஆள் என் மச்சினன். காற்றாய்ப் பறந்து ஜெயித்து, மூட்டையை வாங்கிக் கட்டிக்கொண்டான்.

"மாமா, வண்டி பின்னால இழுக்குது."

"ஒண்ணும் ஆவாது மாப்ள. வெயிட் இருந்தாத்தான் டயர் மண்ணப் புடிக்கும்" என்றேன், நானே டயரைக் கண்டுபிடித்தவன் மாதிரி.

இறுதிப் போட்டியில் அவன் ஒவ்வொருத்தராகத் தாண்டத் தாண்ட, நான் கயிற்றோரமாகக் கத்திக்கொண்டே ஓடினேன். கடைசியில் முருகேசன் ஒருவர்தான் பாக்கி. அப்போது ஒரு மேட்டில் வண்டி எகிற, மூட்டை கிழிந்தது. தடமெல்லாம் வெங்காயம். பின்னால் வந்த ரெண்டு பேர் வழுக்கி விழுந்தார்கள். (அடி ஒன்றுமில்லை. வெங்காயம் விலை ஏறியிருந்த நேரம். விழுந்தவர்களைத் தூக்கப் போன கூட்டம் மடியை நிரப்பிக்கொண்டு திரும்பியது.)

நான் மஞ்சள் துண்டை ஆட்டிக்கொண்டு மொபெட்டோடு தடத்தில் இறங்கினேன். முருகேசன் என் பின்னால், செந்தில் அவர் பின்னால். விழுந்தவர்கள் எழுந்ததும் நான் விலகியிருக்க வேண்டும். ஆனால் வாழ்க்கையில் முதல் தடவையாகப் பந்தயத்தில் முதலில் போகிறேன், எப்படி விலக மனசு வரும்? இன்னொரு சுற்று போனேன். அந்த மேட்டில், ஜனங்கள் பொறுக்காமல் விட்ட வெங்காயம் எனக்காகவே காத்திருந்தது. விழுந்தேன். என்மேல் ஏற்றாமலிருக்க செந்தில் வண்டியைச் சாய்த்து அவனும் விழுந்தான். முருகேசன் எங்களைச் சுற்றிக்கொண்டு, பால் ஊற்றப் போகிற வேகத்தில் போய்க் கோட்டைத் தாண்டினார்.

மேனேஜர் முருகேசனைத்தான் எடுத்தார்.

"வேகமா ஓட்ட நிறைய பேரு இருக்காங்க சார். ரூல்ஸப் பாத்து ஓட்டுறவருதான் கெடைக்க மாட்டேங்கிறாரு" என்றார் என்னிடம். செந்தில் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனான். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

வேறொரு டீமில் அவனுக்கு இடம் கிடைக்கும்வரை நான் மாமனார் வீட்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. அப்புறம் அரியலூரில் அவன் கல்யாணம். சாப்பாட்டுக்கு முதல் பந்தியில் உட்கார்ந்து இலையில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளைக் கோலத்திலேயே வந்து என் கையைப் பிடித்துத் தூக்கினான்.

"போன கல்யாணத்துல மொதப் பந்தி சாப்ட்டீங்கல்ல மாமா? இன்னிக்கு கடைசிலேர்ந்து வாங்க."

மண்டபமே சிரித்தது, கலா எல்லாரையும்விடச் சத்தமாக. இன்றுவரை அந்த வீட்டு விசேஷங்களில் எனக்குக் கடைசிப் பந்திதான். அன்று அதில் பாயசம் இல்லை, வடை இல்லை. செந்திலே சாம்பார் வாளியோடு வந்து அடிவரை துழாவி, இலை நிறைய ஊற்றினான். அத்தனையும் சின்ன வெங்காயம்.