முப்பதடி எழுத்து

நகரமைப்பு அலுவலகத்தின் எழுத்து பழசாகிவிட்டது என்பதை இயக்குநர் ஒரு திங்கட்கிழமை காலையில் கண்டுபிடித்தார். அதுவரை அந்த எழுத்தை எல்லோரும் சிரமமில்லாமல் படித்துக்கொண்டிருந்தார்கள். அதுதான் அதன் பெரிய குறை. அவர் போய்வந்த மாநாட்டிலோ, கெட்டிக்காரர்கள் அத்தனை பேரும் வேறோர் எழுத்தைச் சட்டையிலும் பையிலும் சுமந்துகொண்டு திரிந்தார்கள். பழைய கம்ப்யூட்டர் திரையில் வருமே, குட்டிக் குட்டிக் கட்டங்களை அடுக்கிச் செய்தது, அந்த எழுத்து.

உடனே வரைவாளரைக் கூப்பிட்டார். வரைவாளர், பாவம், கோடு போட்டுப் போட்டே முதுகு வளைந்தவர். மனைவி இருநூறு மைலுக்கு அப்பால் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அந்த ஊருக்கு மாற்றல் கேட்டு எட்டு வருடமாக எழுதிக்கொண்டிருக்கிறார். மகளுக்கு ஏழு வயது. அப்பா என்றால் ஃபோனுக்குள் இருமுகிற ஆள் என்று அவள் நினைத்திருந்தாள்.

"கட்டத்துலயே எழுத்து செஞ்சு குடுங்க. முதல்ல அச்சாகப் போறது உங்க மாற்றல் உத்தரவுதான். என் கையெழுத்தோட!" என்றார் இயக்குநர்.

கரும்பு தின்னக் கூலியா? வரைவாளர் கட்டத்தாளை விரித்து உட்கார்ந்துவிட்டார். 'ட'வும் 'ப'வும் நல்ல ஊழியர்கள் போலச் சொன்னபடி கட்டத்துக்குள் அடங்கின. மற்றதெல்லாம் சுழி. 'ண'வின் மூன்று சுழிகளையும் படிக்கட்டு மாதிரி ஏற்றி இறக்குவதற்குள் மூன்று வாரம் ஓடிப்போனது. எப்படியோ அழகாகவே முடித்தார்.

இயக்குநர் மூக்கைச் சுளித்தார். "என்னங்க இது, பார்த்த உடனே படிக்க வருது? கட்டம் தெரியணும். பெருசாக்குங்க."

பெரிதாக்கினார். "இன்னும்" என்றார். தாளுக்கு நாலு எழுத்து என்ற நிலைமை வந்த பிறகுதான் ஐயா மனம் குளிர்ந்தது. கிட்டத்தில் பார்த்தால் குளியலறைத் தரை. முப்பதடி தள்ளி நின்றால் எழுத்து. ஆகவே, 'எந்த ஆவணமும் முப்பது அடிக்குக் குறைவான தொலைவில் படிக்கப்படலாகாது' என்று விதி பிறந்தது.

அலுவலக அறையின் நீளம் பதினாறடி. அதனால் உத்தரவுகளை வாசலில் கொடி கட்டி, ஈரத்துணி போலக் கிளிப் போட்டு வரிசையாகத் தொங்கவிட்டார்கள். அதிகாரிகள் தெருவைக் கடந்து எதிர் மருந்துக்கடைப் படியில் நின்று படித்தார்கள். ஊரும் கூடநின்று படித்தது. யார் வீட்டு மாடி இடிபடப் போகிறது என்பது வீட்டுக்காரனுக்கு முன்னால் மருந்துக்கடைக்காரருக்குத் தெரிந்தது.

முதல் நாள் வரைவாளரின் உத்தரவு காற்றில் ஆடியது. எண்பத்தேழு தாள். இயக்குநர் படியிலிருந்து படித்து முடித்து, பேனாவைத் திறந்தபடி தெருவைக் கடந்து வந்தார். கண்காணிப்பாளர் குறுக்கே நின்றார்.

"ஐயா, படிச்சது அங்க. கையெழுத்து இங்க. நீங்க நடந்து வர்றதுக்குள்ள யாராவது தாளை மாத்தியிருந்தா?"

"கிட்ட ஒருதரம் பார்த்துக்கறேனே?"

"கிட்டப் படிக்கறது விதிமீறல் ஐயா. நீங்க போட்ட விதிதான்."

இயக்குநர் யோசித்தார். நியாயமாகத்தான் பட்டது. திரும்பப் போய்ப் படித்துவிட்டு வந்தார். கண்காணிப்பாளரும் திரும்ப அதையே கேட்டார். சாயங்காலத்துக்குள் ஐயா இருபத்திரண்டு தடவை தெருவைக் கடந்திருந்தார். பேனா மை காய்ந்துபோயிற்று.

வரைவாளர் பின்னாலேயே ஓடிவந்தார். "ஐயா, என் உத்தரவை மட்டும் பழைய எழுத்துல..."

"எழுத்தைப் பெத்தவரே இப்படிப் பேசலாமா?" என்றார் இயக்குநர், மூச்சு வாங்கியபடி.

மூன்று மாதத்தில் ஒரு தாளிலும் கையெழுத்து விழவில்லை. 'இக்காலத்தில் தவறான கையெழுத்து ஒன்றுகூட இடப்படவில்லை' என்று மேலிடத்துக்கு அறிக்கை போனது. மேலிடம் மகிழ்ந்தது. சிறந்த அலுவலகம் என்று கேடயம் தந்தது. "எழுத்தைச் சின்னதா அடிச்சா என்ன?" என்று ஒருவர் படியில் நின்று கேட்டார். ஏற்கெனவே கட்ட எழுத்துச் சட்டை வாங்கிப் போட்டிருந்த ஊர், ரசனை கெட்டவன் என்று அவரை விரட்டியது.

அந்த வாரம் மனைவி ஃபோன் செய்தாள். "நீங்க இங்க வர்றது நடக்காத காரியம். நானே அங்க மாற்றல் கேட்டுட்டேன். பெரிய டாக்டர் சரின்னுட்டாரு. வெள்ளிக்கிழமை கையெழுத்து."

வரைவாளர் அழுதேவிட்டார். வீட்டை ஒட்டடை அடித்தார். மகளுக்கென்று ஒரு சின்னக் கட்டில் வாங்கிப் போட்டு, அதில் தானே ஒருமுறை படுத்துப் பார்த்தார்.

வெள்ளிக்கிழமை வந்தது. ஃபோனும் வந்தது.

"என்னங்க, கையெழுத்து ஆகலை. கேடயம் வாங்குன எழுத்தாமே, எல்லா ஆபீசுக்கும் அனுப்பியிருக்காங்க. பெரிய டாக்டர் காலையிலேருந்து கேட்டுக்கும் வாசலுக்கும் நடந்துக்கிட்டே இருக்காரு. ஆபரேஷன் எல்லாம் நின்னு போச்சு."

வரைவாளர் ஃபோனோடு அந்தச் சின்னக் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

"எந்தக் கட்டையில போறவன் இதைச் செஞ்சானோ! என் கையில மட்டும் கிடைக்கட்டும். எந்த ஊசியை எங்க குத்துனா எத்தனை நாள் வலிக்கும்னு எனக்குத் தெரியும். நீங்க பெரிய ஆபீஸ்லதானே இருக்கீங்க? யாருன்னு விசாரிச்சுச் சொல்லுங்க."

"வி... விசாரிக்கறேன்."

ஃபோனை வைத்துவிட்டு வியர்வையைத் துடைத்துக்கொண்டார். இருநூறு மைல் என்பது அப்படியொன்றும் மோசமான தூரமில்லை என்று எட்டு வருடத்தில் முதல் தடவையாக அவருக்குத் தோன்றியது.