முப்பது வருஷத்துப் பெரியவர்

பெண் பார்க்க வந்திருந்த மாப்பிள்ளையின் பெரியத்தை காபியை வாங்காமல், அதை நீட்டியவரின் முகத்தையே வெறித்தாள்.

பெண்ணின் அப்பாவான வீட்டுக்காரர் அவசரமாகப் பலகாரத் தட்டை அவள் பக்கம் நகர்த்தினார்.

"எங்கப்பா காலத்து ஆளுங்க. முப்பது வருஷமா இங்கேயேதான் இருக்கார்" என்று அவர் அப்போதுதான் பெருமையடித்திருந்தார். நரைத்த மீசையும் பித்தளைப் பொத்தானுமாக நின்ற அந்தப் பெரியவர், உண்மையில் அன்று காலையில்தான் வாடகைக்கு ஆள் அனுப்பும் ஏஜென்ஸியிலிருந்து வந்து இறங்கியவர். 'பரம்பரைப் பணக்காரங்கன்னாங்க, கதவு திறக்கக்கூட ஒரு பழைய ஆள் இல்லையே' என்று இரண்டு வரன்கள் உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போயிருந்தன. இதுவும் தட்டிப்போனால், மகள் மூன்றாம் முறையாக அழுவாள்.

பெரியத்தை இன்னும் பெரியவரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

'கண்டுபிடிச்சுட்டா!' வீட்டுக்காரர் கண்ணைக் காட்ட, பெரியவர் உள்ளே நழுவினார்.

"எங்கே போறார் அவர்? உள்ளே யார்கிட்ட பேசறார்?" பெரியத்தை பதறினாள்.

"அவருக்கு... உடம்பு முடியலைங்க."

"நான் டாக்டராச்சே! பார்த்துடறேன்" என்று மாப்பிள்ளைப் பையன் எழுந்தான். தாய் தகப்பன் இல்லாத தன்னைத் தூக்கி வளர்த்தவள் இந்தப் பெரியத்தைதான் என்று அவன் சொல்லியிருந்தான். கப்பல் கம்பெனிக் குடும்பமாம்.

"வேண்டாம்!" என்றார் வீட்டுக்காரர்.

"வேண்டாம்டா!" என்றாள் பெரியத்தை, அதே மூச்சில்.

வீட்டுக்காரர் முந்திக்கொண்டு ஓடி, பெரியவரை ஸ்டோர் ரூமில் தள்ளித் தாழ்ப்பாள் போட்டார்.

"வீட்டுக்குக் கிளம்பிட்டார், தம்பி."

"இங்கேயேதான் இருக்கார்னீங்க?"

உள்ளே டப்பாக்கள் சரிந்தன. பையன் தாழ்ப்பாளை நீக்கினான். தலை முதல் கால் வரை மாவோடு பெரியவர் தும்மினார்.

"வயசானவரைப் பூட்டியா வைக்கிறீங்க?" பையனின் முகம் சிவந்தது. "அத்தை, கிளம்புங்க!"

எல்லாம் முடிந்தது என்று வீட்டுக்காரர் சுவரில் சாய்ந்தார்.

"சும்மா இருடா" என்றாள் பெரியத்தை அவசரமாக. "பழைய வீட்டுக் கதவு, தானா சாத்திக்கும். நம்ம வீட்ல நடக்காததா? இந்த மாதிரி விசுவாசமான ஆள் வாயே திறக்க மாட்டார். நல்ல இடம், முடிச்சுடலாம்!" பையனைத் தரதரவென்று கூடத்துக்கு இழுத்துப் போனாள்.

வீட்டுக்காரருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. "ஏம்ப்பா, அந்தம்மா உன்னை அப்படி முறைச்சாங்களே... வெளியே சொல்லிட மாட்டாங்களே?"

பெரியவர் மீசையிலிருந்த மாவைத் தட்டினார்.

"பயப்படாதீங்கய்யா. பணக்கார வீட்டுப் பெரியத்தை வேணும்னு கேட்டா, எங்க ஏஜென்ஸியில அவங்களைத்தான் அனுப்புவாங்க."